நாய் வாங்கும் முன்: சென்னை வீடுகளில் நடக்கும் தவறுகள்

"எந்த ஜாதி நாய் வாங்கலாம்?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கணவன், மனைவி இருவரும் காலையில் ஓஎம்ஆர் பக்கம் கிளம்பி இரவுதான் திரும்புவார்கள் என்றால் வளர்ந்த நாயே தவித்துப் போகும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவே முடியாது. வீட்டிலிருந்து வேலை என்ற தைரியத்தில் வாங்குகிறவர்கள், ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, "பையன் பார்த்துக்குவான்" என்று நம்புவது. பார்க்க மாட்டான். பரீட்சை வந்ததும் அந்த வேலை அம்மாவிடமோ முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியிடமோ போய்ச் சேரும். நாய் 10 முதல் 13 வருடம் வாழும். இன்று ஐந்தாவது படிக்கிறவன் அதற்குள் கல்லூரியே முடித்திருப்பான். வீட்டில் ஒருவருக்கு நாய் என்றால் பயம், இன்னொருவருக்குப் பூஜையறைப் பக்கம் வரக்கூடாது என்றால், குட்டி வருவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். "வந்துட்டா பழகிடும்" என்பது பல வீடுகளில் நடப்பதில்லை.

வெயிலை மறப்பதுதான் என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு. சைபீரியக் குளிருக்கென்றே இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறந்த ஹஸ்கியை, மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஏசியை நம்பி வாங்குகிறார்கள். கரண்ட் போனால்? நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவே சிரமம். மதியத் தார்ச் சாலை எந்த நாயின் பாதத்தையும் சுட்டுவிடும். நடை எல்லாம் அதிகாலையில், இல்லை இருட்டிய பிறகு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் வெயில் அறிந்தவைதான். ஆனால் வேட்டைக்கு வளர்த்த இனங்கள், நன்றாக ஓட இடம் வேண்டும். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு நாட்டு நாயே போதும். அதைத் தத்தெடுக்கக் கிண்டி வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது.

வாடகை வீடா? குடியிருப்போர் சங்கம் நாயே கூடாது என்று தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹவுஸ் ஓனர் சமாசாரம் வேறு. அவர் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

குட்டியின் விலையை மட்டும் கணக்குப் போடுவதும் தவறு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரை தவணை தவணையாகத் தடுப்பூசி, மூன்று மாதத்துக்குப் பிறகு ரேபிஸ் ஊசி, அப்புறம் ஆண்டுதோறும் பூஸ்டர். குடற்புழு மருந்து தனி. தடுப்பூசி தவறி, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ வைரஸ் நோய் வந்தால் நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏறும், குட்டி பிழைப்பதும் நிச்சயமில்லை. உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் சகஜம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதை, நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. அதற்கு முன்பே கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கலாம். அடக்கத் தெரியாதவர்கள் கெத்துக்காகப் பெரிய நாய் வாங்கக் கூடாது. மாநகராட்சி உரிமம் எல்லா நாய்க்கும் கட்டாயம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும் என்பதற்கும் பதில் வேண்டும். தீபாவளி வெடிக்கு நடுங்கி ஓடித் தொலைகிற நாய்கள் உண்டு, அன்று யாராவது கூடவே இருக்க வேண்டும்.

இன்னும் சந்தேகமா? வெளியூர் போகும் நண்பரின் நாயை ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்காலமாக இருந்தால் இன்னும் நல்லது.