அப்பீல் டைம் முடிஞ்சிருச்சா? டிலே பெட்டிஷன் போடுறது இப்படித்தான்

சிவில் கேஸ்ல தோத்துட்டு அப்பீலுக்கு லேட்டாயிருச்சுன்னா உடனே கைய விரிச்சிர வேணாம், 1963 லிமிடேஷன் சட்டம் 5வது பிரிவுல டிலேய மன்னிக்கச் சொல்லி பெட்டிஷன் போடலாம். ஆனா முதல்ல நெசமாவே லேட்டுதானான்னு எண்ணிப் பாருங்க.

ஸ்டெப் 1: நாள் எண்ணுறது

ஜில்லா கோர்ட், சப் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90. தீர்ப்பு சொன்ன நாள் கணக்குல வராது, தீர்ப்போட சர்டிஃபைடு காப்பிக்கு (கோர்ட் சீல் போட்டுக் கொடுக்குற நகல்) மனு போட்டு அது ரெடியாக ஆன நாளும் கழியும் (காப்பி பின்னாடி சீல்ல தேதியெல்லாம் இருக்கும், பாருங்க). மார்ச் 3 தீர்ப்பு, 10ந்தேதி காப்பி மனு, 28ந்தேதி ரெடின்னா 19 நாள் கெடைக்கும், ஏப்ரல் 2ல முடிய வேண்டியது ஏப்ரல் 21 வரைக்கும் போகும். ரெடியான காப்பிய வாங்காம போட்டு வச்ச நாளுக்கெல்லாம் சலுகை கெடையாது.

அப்புறம் மே லீவு, இதுல நெறைய பேரு ஏமாறுறாங்க. கடைசி நாள் லீவுக்குள்ள விழுந்தாத்தான் கோர்ட் திறக்குற அன்னிக்குப் போடலாம். நம்ம கணக்குல ஏப்ரல் 21லயே முடிஞ்சிருச்சே, அதனால ஜூன் 10 போட்டா லீவும் சேந்து டிலே 50 நாள்.

ஸ்டெப் 2: அஃபிடவிட் (சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்குற வாக்குமூலம்)

உசுரே இதுலதான் இருக்கு. ஏப்ரல் 22லேருந்து ஜூன் 10 வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு தேதி வாரியா சொல்லணும், சும்மா "உடம்பு சரியில்லை"ன்னு ஒத்த வரி எழுதுனா எதிர் வக்கீல் விடமாட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரி வைங்க, டிஸ்சார்ஜ் ஆனப்புறமும் மூணு வாரம் கழிச்சுத்தான் வந்தீங்கன்னா அதுக்கும் காரணம் வேணும். எத்தனை நாள்ங்கறத விட காரணந்தான் பேசும். 1998ல தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுல வக்கீல் கவனிக்காம விட்ட 883 நாள் டிலேய சுப்ரீம் கோர்ட் மன்னிச்சுது, 2012ல 427 நாள் லேட்டா வந்த தபால் துறைக்கு மன்னிப்பு இல்லன்னுட்டாங்க, ஃபைல் டேபிள் டேபிளா சுத்துச்சுன்னு சொல்றதெல்லாம் ஒரு காரணமாங்க?

ஸ்டெப் 3: ஃபைலிங்

அப்பீல் மெமோ கூடவே பெட்டிஷனும் அஃபிடவிட்டும் போகணும். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவங்க கவுண்டர் (பதில் மனு) போடுவாங்க, நம்ம பெட்டிஷன் அலவ் ஆனாத்தான் அப்பீலே விசாரணைக்கு வரும். அது வரைக்கும் ஸ்டே கெடைக்காது, அந்த கேப்ல எதிராளி எக்ஸிக்யூஷன் பெட்டிஷன் (ஈபி, தீர்ப்ப நிறைவேத்தச் சொல்ற மனு) போட்டு டிகிரிய (தீர்ப்புப்படி வந்த கோர்ட் உத்தரவ) நிறைவேத்தப் பாப்பாரு, அதனால சும்மா சும்மா வாய்தா வாங்க வேணாம்னு உங்க வக்கீல்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க.