எறிந்த கல்லை முன்னுக்குத் தள்ளுவது எது?

திருகோணமலையில், கோணேசர் கோயில் பாறையிலுள்ள இராவணன் வெட்டடியில் நின்று கீழே கடலைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஒரு கல்லைக் கிடையாக எறிவதாக மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வள்ளங்கள் போகும். பறக்கும் கல்லில் தாக்கும் விசைகளைக் குறிக்கச் சொன்னால், உயர்தரப் பிள்ளைகள் பலர் முன்பக்கமாக ஒரு அம்புக்குறி போடுவார்கள். கேட்டால், “எறிஞ்ச விசை, சேர்.”

அப்படியொரு விசை இல்லை. கல் கையை விட்ட கணமே கையின் விசை முடிந்தது. மிஞ்சியிருப்பது வேகம். வேகம் மாறத்தான் விசை வேண்டும், நீடிக்க வேண்டியதில்லை. வளித்தடையை விட்டுவிட்டால் கல்லில் தாக்குவது அதன் நிறை ஒன்றுதான். பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். எறிபவன் பொருளுக்குள் ஏதோ ஒன்றை ஏற்றிவிடுகிறான், அது தீர்ந்ததும் பொருள் விழுகிறது என்று ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக்கணக்காக நம்பினார்கள். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1620களில். எறிபொருளின் பாதை பரவளைவு என்று காட்டிய கலிலியோவின் நூல் வந்ததோ 1638இல்.

இதே மயக்கம்தான் உச்சியிலும் வரும். மாங்காய்க்கு எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும் என்பார்கள். நிலைக்குத்து வேகம் மட்டுமே அங்கே பூச்சியம். கிடை வேகம் அப்படியே இருக்கும். ஆர்முடுகலும், அதாவது வேகம் மாறும் வீதமும், செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர்தான், கீழ்நோக்கி.

அடுத்தது நேர், மறை (+, −) குறி. புள்ளிகள் அதிகம் பறிபோவது இதில்தான். 80 மீற்றர் உயரப் பாறையிலிருந்து ஒரு பந்தை மேல்நோக்கி செக்கனுக்கு 30 மீற்றரில் எறிகிறோம் என்று வையுங்கள். மேல்நோக்கி நேர் என்றால் கடல்வரையான இடப்பெயர்ச்சி மறை 80. கணக்கு 8 செக்கன், மறை 2 செக்கன் என்று இரண்டு விடை தரும். நேர் 80 என்று போட்டால் விடையே வராது. வரவும் கூடாது: பந்து பாறைக்கு மேலே 45 மீற்றர்தான் ஏறும், நீங்களோ 80 மீற்றருக்கு மேலே தேடுகிறீர்கள். அந்த மறை 2 செக்கனையும் குப்பை என்று வெட்டிவிடாதீர்கள். நாம் எறிவதற்கு 2 செக்கன் முன்னர் கடல் மட்டத்திலிருந்து செக்கனுக்கு 50 மீற்றரில் புறப்பட்ட பந்தும் இதே வழியாகத்தான் வந்திருக்கும்.

45 பாகைக்கே அதிக வீச்சு, அதாவது அதிக கிடைத்தூரம், என்பது எறிந்த மட்டத்திலேயே விழும்போது மட்டும். குண்டு எறிதல் போட்டியில் எறிபவர் தோளுயரத்திலிருந்து விடுகிறார், அவருக்கு அதைவிடக் குறைந்த கோணமே நல்லது.

வளித்தடையைப் பரீட்சைத்தாளில் புறக்கணிக்கலாம். எங்கள் ஊர் மக்கெய்சர் விளையாட்டு மைதானத்தில் முடியாது. செக்கனுக்கு 40 மீற்றரில், 45 பாகையில் அடித்த பந்து கணக்கின்படி 160 மீற்றர் போகவேண்டும். உண்மையில் அதற்கு வெகு முன்னரே விழும். ஏறியதைவிடச் செங்குத்தாகவும் இறங்கும். எல்லைக்கோட்டில் பிடிக்க நிற்பவர் முதலில் பின்னுக்கு ஓடி, பிறகு அவசரமாக முன்னுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்களே.