ஒரே பஞ்சத்தைப் பல பொருளியல் முறைகளால் ஆராய்வது எப்படி

பொருளியலில் பன்மைத்துவம் வேண்டும் என்பவர்களில் பலர், நான்கு சிந்தனைப் பள்ளிகளின் கருத்துகளை அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது எந்தப் பள்ளியும் சோதனைக்கு உள்ளாவதில்லை. ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதன்மேல் எல்லா விளக்கங்களையும் பொருத்திப் பார்ப்பதே உருப்படியான பயிற்சி. பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த பஞ்ச விசாரணை ஆணையத்தின் கணக்கில் 15 லட்சம் பேரும், பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் கணக்கில் ஏறத்தாழ 30 லட்சம் பேரும் மாண்ட 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் இதற்கு மிகவும் ஏற்றது.

ஒவ்வொரு விளக்கமும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 1945-இல் அறிக்கை தந்த ஆணையம், வங்கத்தில் எவ்வளவு அரிசி இருந்தது என்று கேட்டது. பர்மா ஜப்பானியர் வசமானதால் இறக்குமதி நின்றதையும், 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் தாக்கியதையும் அது கணக்கில் கொண்டது. 1981-இல் சென், அந்த அரிசியைப் பெறும் வழி யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமற்போனது என்று கேட்டார். பொருளியலாளர் உத்சா பட்நாயக்கோ, போர்ச்செலவின் சுமையை விலையேற்றத்தின் மூலம் யார் தலையில் ஏற்றினார்கள் என்று கேட்டார். மாகாணங்களுக்கிடையே தானிய வணிகத்தைத் தடுத்ததைக் குறை சொல்லும் சந்தைவாத விளக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் யாரை அலகாகக் கொள்கிறார் என்று பாருங்கள். ஆணையத்தின் மொத்தக் கணக்கில் மாகாணம் முழுவதும் ஒரே வயிறாகிவிடுகிறது. சென் தொழில்வாரியாகப் பிரிக்கிறார்: மீனவர்கள், படகு, வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள், விவசாயக் கூலிகள் ஆகியோரே மிகுதியாக நொடித்துப்போனார்கள், தம் நிலத்திலும், விளைச்சலில் பங்கு தரும் வாரக் குத்தகையிலும் நெல் விளைவித்தவர்கள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தார்கள். கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்குக்கு (ஏறத்தாழ 37 கிலோ) 13, 14 ரூபாயாக இருந்த அரிசியின் மொத்த விலை, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. கூலி அந்த வேகத்தில் உயரவில்லை.

மூன்றாவது வேலைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்: எண்கள் எப்படிப் பிறந்தன என்று தேடுவது. 1943-இல் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம் என்றும் சென் காட்டினார். அந்தக் கணக்கின் அடித்தளம் அரசின் விளைச்சல் மதிப்பீடு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதுபோல முழு விளைச்சலைப் பதினாறு அணாவாகக் கொண்டு, இவ்வாண்டு எத்தனை அணா தேறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை அது. ஜமீன்தார்கள் கட்டவேண்டிய வரியை நிலையாக நிர்ணயித்த நிரந்தர நிலவரித் திட்டம் நடந்த வங்கத்தில், கிராமந்தோறும் நிலக்கணக்கு எழுதும் வருவாய்த்துறை ஊழியரும் இல்லை. மறுபுறம், சின்சுரா, பாங்குரா நெல் ஆராய்ச்சி நிலையங்களின் பதிவுகள், 1942-இல் செம்புள்ளி நோயால் பல நெல் ரகங்களின் மகசூல் கடுமையாகச் சரிந்ததைக் காட்டுகின்றன. பயிர்நோய் வல்லுநர் பத்மநாபன் இவற்றை 1973-இல் வெளியிட்டார்; வரலாற்றாசிரியர் மார்க் டாகர் பின்னர் இவற்றைக் கொண்டே சென்னின் வாதத்தை மறுத்தார். ஆனால் இரண்டு ஆராய்ச்சி நிலையங்களின் வயல்கள் ஒரு மாகாணம் முழுவதற்கும் சான்றாகுமா என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு விளக்கத்தையும் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்து, எந்தக் கூற்று எந்தத் தரவைச் சார்ந்திருக்கிறது என்று குறியுங்கள். பெரிய பற்றாக்குறை இல்லை என்ற சென்னின் கூற்று பலவீனமான விளைச்சல் மதிப்பீட்டின்மேல் நிற்கிறது. யார் பட்டினியில் வீழ்ந்தார்கள் என்ற கூற்றோ விலை, கூலி, பஞ்சத்துக்குப் பிறகு புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு நடத்திய கணக்கெடுப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. விளைச்சல் எண் பொய்த்தாலும் அது சாயாது. பட்நாயக்கின் விளக்கம் சென்னின் இரண்டாம் கூற்றோடு மோதவே இல்லை. விலை ஏன் ஏறியது என்பதில்தான் அது ஆணையத்தோடு மோதுகிறது. என் பார்வையில் சென்னின் முதல் கூற்றைத் தளர்த்திக்கொண்டு இரண்டாவதை உறுதியாகப் பற்றுவதே நியாயம்.

உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். அதை எழுதும்போது, எந்தத் தரவு கிடைத்தால் அம்முடிவைக் கைவிடுவீர்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.