புயல் நாளில் பணியாளர்களோடு தொடர்பு: எந்த வழியை எவ்வளவு நம்பலாம்?

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2018 கஜா என மூன்றிலும் கைபேசி டவர்கள் அணைந்துபோக ஒரு முக்கியக் காரணம் மின்வெட்டு. டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் போக வேண்டும். சாலையில் மரம் சாய்ந்து கிடந்தால் டீசலும் போகாது. ஆகவே மருத்துவமனையோ பள்ளியோ தொழிற்சாலையோ, தொடர்பு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எதை நம்பி ஓடுகிறது என்பதை. வாட்ஸ்அப், மின்னஞ்சல், இணைய அழைப்பு மூன்றும் கையில் இருந்தால் மூன்று வழி என்று தோன்றும். மூன்றுக்கும் டேட்டா வேண்டும் என்பதால் அவசரக் கணக்கில் அது ஒரே வழிதான்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் விடுபடுவது இப்படித்தான். இதற்குக் குழுவே மேல். அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் "சரி சார்" பதில்களுக்குள் முக்கியமான தகவல் புதைந்துவிடும்.

டேட்டா திணறும்போதும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேரும். சிக்னல் இல்லாதவருக்கும் அது காத்திருந்து, சிக்னல் வந்ததும் கிடைக்கும். ஆனால் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி தளத்தில் (தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் எஸ்எம்எஸ் பதிவுத் தளம்) நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகாத வாசகம் தடுக்கப்படும். புயல் சின்னம் உருவான பிறகு விண்ணப்பித்தால் அனுமதி வருமுன் புயல் கரையைக் கடந்திருக்கும். விடுமுறை, வேலைக்கு வர வேண்டிய நேரம், கட்டடத்தை விட்டு வெளியேறுதல், நலம் விசாரித்தல் என நான்கு வாசகங்களை இப்போதே பதியுங்கள். தேதி, நேரம், இடம் ஆகியவற்றை மட்டும் மாறும் பகுதியாக விடுங்கள்.

தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'வெள்ளம்', கணக்கில் 7 குறிகள், ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். எனவே ஏழெட்டுச் சொற்களில் முடியுங்கள். நீண்டால் செய்தி துண்டாகும். ஒரு துண்டு தாமதித்தால் முழுச் செய்தியும் ஒழுங்காக வந்து சேராது. இன்னொன்று: இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. அதனால் 'நலம் என்றால் மிஸ்டு கால்' என ஓர் எண்ணைத் தந்து, அதையும் வாசகத்தோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

பொறுப்பாளர்களிடம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும். பேரிடரில் அரசு உத்தரவிட்டால் ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொன்றின் டவரிலும் வேலை செய்யும். தானாக மாறாவிட்டால், கைபேசியின் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இன்னும் இருந்தால் துண்டிக்காதீர்கள். அதற்கான 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. ஆனால் கம்பியுள்ள சாதாரணக் கருவிதான் வேண்டும். கார்ட்லெஸ் மின்சாரத்தோடு சேர்ந்து செத்துவிடும். ஃபைபர் இணைப்பு என்றால் அதன் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் பொருத்துங்கள்.

வளாகத்துக்குள் வாயில், ஜெனரேட்டர் அறை, மேல்தளம் ஆகியவற்றை இணைக்க வாக்கி டாக்கிக்கு ஈடில்லை. அதற்கு டவரே தேவையில்லை. 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், உரிய சான்று பெற்ற குறைந்த திறன் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல வேறு அலைவரிசைகளுக்கானவை. உரிமமின்றி அவற்றைப் பயன்படுத்துவது குற்றம். கான்கிரீட் சுவர்கள் அலையை விழுங்கும் என்பதால், வாங்குமுன் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை பேசிப் பாருங்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசப் பழக்குங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கப்பட்டு, செய்தியே தவறாகப் புரியும் அளவுக்குக் குழப்பம் வரலாம்.

சாட்டிலைட் போன் தொலைதூரத் தளங்களுக்கு மட்டும். துரையா, இரிடியம் கருவிகளை அனுமதியின்றி வைத்திருந்தாலே கைது வரை போகும். முறையான அனுமதியோடு பிஎஸ்என்எல் வழியாகவே செல்லுங்கள்.

எல்லோருடைய எண்களையும் தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயில் காவலரிடம் ஒன்றும் பொறுப்பாளர் வீட்டில் ஒன்றும் வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077 என்பதும் அதில் இருக்கட்டும். ஒருவர் ஐந்து பேரை அழைக்கும் முறையில், மூன்றே சுற்றில் நூறு பேரைத் தாண்டிவிடலாம். ஆனால் நடுவில் ஒருவர் கிடைக்காவிட்டால் அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் விடுபடுவார்கள்; ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் வையுங்கள்.

செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு மணி நேரம் மெயின் சுவிட்சையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு ஒத்திகை நடத்துங்கள். அரை மணிக்குள் பதில் தராதவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுடைய எண் மாறிவிட்டதா என்பதிலிருந்து சரிபார்க்கத் தொடங்குங்கள்.