மலைக் கொரில்லாக் கணக்கெடுப்பு: கூட்டை மட்டும் நம்பாதீர்கள்

மலைக் கொரில்லாக்கள் வாழ்வது உலகில் இரண்டே இடங்களில். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் கூடும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. உகாண்டாவின் ப்விண்டி காடும் அதை ஒட்டிக் காங்கோவில் உள்ள சரம்ப்வே காடும் மற்றொன்று. 2015-16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604, 2018-ல் ப்விண்டிப் பக்கம் 459, ஆக 1,063. எண்ணிக்கை ஏறிவருவது உண்மை. ஆனால் இவற்றுக்குக் கெடுதல் வேட்டைக்காரர்களால் மட்டும் வருவதில்லை. அக்கறையோடு காட்டுக்குள் போகிறவர்களும் செய்கிறார்கள்.

கூட்டின் எண்ணிக்கையைக் கொரில்லாவின் எண்ணிக்கையாக எழுதிக்கொள்வது பழைய தவறு. மாலையானால் ஒவ்வொரு கொரில்லாவும் செடிகொடிகளை வளைத்துப் புதுக் கூடு போட்டுக்கொள்ளும். சில, ஒரே இரவில் இரண்டு கூடுகள்கூடப் போடும். 2006-ல் ப்விண்டியில் கூடுகளை வைத்துப் போட்ட கணக்கு 336. கூட்டில் கிடந்த எச்சத்தின் (சாணத்தின்) மரபணுவைப் பார்த்தபோது 302 தான் தேறியது. ஒரு குடும்பத்துக்குத் தொடர்ந்து மூன்று இரவுகளின் கூடுகளையாவது பாருங்கள். எச்சத்தை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்: 7.2 செ.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் முதுகு வெளுத்த, வளர்ந்த ‘வெள்ளிமுதுகு’ ஆண்; 5.5 முதல் 7.2 வரை என்றால் வளர்ந்த பெண், அல்லது முதுகு இன்னும் வெளுக்காத ஆண். தாயின் கூட்டிலேயே குட்டியின் சிறிய எச்சமும் கிடக்கும். அவசரத்தில் அதைத் தவறவிட்டால் குட்டி கணக்கிலேயே வராது.

எச்சத்தை ஈரத்தோடு டப்பாவில் அடைத்து ஊருக்கு எடுத்துவந்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். முதலில் 24 முதல் 36 மணி நேரம் எத்தனாலில் ஊறட்டும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கு மாற்றுங்கள். ஒரு கூட்டில் எச்சம் எடுக்கப் பயன்படுத்திய குச்சியை அடுத்ததில் வைத்தால் இரண்டு மாதிரியும் வீண். காட்டை ஒரே தடவை அலசிவிட்டு முடிப்பதும் போதாது. மனிதரோடு பழகாத குடும்பங்கள் கணக்கிலிருந்து எளிதில் தப்பிவிடும். 2018-ல் ப்விண்டியை இருமுறை அலசியது அதனால்தான். பழகாத குடும்பத்தை விரட்டிப் பிடிக்கப் பார்க்காமல், ஒரு நாள் பின்தங்கியே தடத்தைத் தொடருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது நெருக்கம். நமக்குச் சாதாரணச் சளி. அவற்றுக்கு உயிர் போகும் நோய். 2009-ல் ருவாண்டாவில் மூச்சுப்பாதையைத் தாக்கும் மனித மெட்டாநிமோ வைரஸ் தொற்றிய குடும்பத்தில் ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. 1996-ல் ப்விண்டியில் சொறிநோய் ஒரு குட்டியைக் கொன்றது. எட்டுப் பேருக்கு மேல் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 10 மீட்டர் தள்ளி, முகக்கவசத்தோடு: கொரில்லா பார்க்க வரும் பயணிகளுக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. ருவாண்டாவில் வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதிக் கட்டணம் 1,500 டாலர். அதைக் கட்டிவிட்டு இருமலை மறைத்துக்கொண்டு வருகிறவர்தான் உண்மையான சிக்கல். நோயால் போக முடியாவிட்டால் கட்டிய பணத்துக்கு என்ன வழி என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் மறைக்கும் ஆசை குறையும். காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூட வேண்டும்.

சுருக்குக் கண்ணிகள் மான்களுக்காக வைக்கப்படுபவை. வளைத்த மூங்கிலில் கட்டிய கயிற்றிலோ கம்பியிலோ கை மாட்டிக்கொள்வது கொரில்லாக்குட்டி. கண்ணியைத் தட்டிவிட்டுப் போவது பாதி வேலை. கம்பியை எடுத்து வாருங்கள், இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னும் இருக்கும். மாட்டிய குட்டியைத் தாமே விடுவிக்கப் போகும் காவலர் வெள்ளிமுதுகின் பாய்ச்சலுக்கு ஆளாவார். மயக்க ஊசியோடு மருத்துவர் வரும்வரை காத்திருப்பதுதான் சரி.

காட்டின் ஓரத்தில் யூகலிப்டஸ் நடுவதும் பிழையே. அதன் பட்டையை உரித்துத் தின்னக் கொரில்லாக்கள் வெளியே வந்துவிடுகின்றன. வாழையும் அப்படித்தான். தேயிலையை அவை தொடுவதில்லை. வந்துவிட்டவற்றைக் கல்லெறிந்து துரத்தினால் குடும்பம் சிதறும்; ப்விண்டியைச் சுற்றிய கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்க் குழுக்கள், காட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, மறுபக்கம் நின்று மெல்ல நகர்த்துகின்றன.