ப்ராக் போறீங்களா, வாக்கிங் டூரை முதல் நாளே முடிச்சிடுங்க

ப்ராக் போறவங்க நிறைய பேர் வாக்கிங் டூரை கடைசி நாளுக்கு தள்ளி வச்சிடுறாங்க, டைம் இருந்தா பாத்துக்கலாம்னு. அது தலைகீழ். இந்த டூர்ல பெரும்பாலும் எதுக்குள்ளயும் கூட்டிட்டு போக மாட்டாங்க, வெளிய நிக்க வச்சு கதை சொல்லிட்டு அடுத்த இடத்துக்கு கிளம்பிடுவாங்க, அதனால மறுநாள் எங்க டிக்கெட் வாங்கி உள்ள போகணும் எத விட்டுடலாம்னு முடிவு பண்றதுக்குத்தான் இது, அப்படி நினைச்சு போனா நல்ல பிரயோஜனம்.

ஃப்ரீ டூர்னு போர்டு, குடை வச்சிக்கிட்டு நிப்பாங்க. புக் பண்றது தான் ஃப்ரீ, முடிவுல டிப்ஸ் குடுக்கணும். பல கம்பெனிங்க தலைக்கு இவ்ளோன்னு கைடுகிட்டயே வாங்கிடுறாங்க, அதனால ஒண்ணும் குடுக்காம நழுவுனா அது கைடு பாக்கெட்ல இருந்து போற காசு. ஆளுக்கு 250, 300 கொருனா குடுக்கலாம்னு தான் நான் சொல்லுவேன். ஆமா, அங்க யூரோ கிடையாது, கொருனா தான். பேங்க்கோட சொந்த ஏடிஎம்ல எடுங்க, உங்க ஊர் காசுல கணக்கு போடவான்னு மெஷின் கேட்டா வேணாம்னு அமுக்கிடுங்க, இல்லன்னா ரேட்ல நல்லா தீட்டிடுவாங்க. அப்புறம் ஷூ. ரோடெல்லாம் கருங்கல் பதிச்சது, மழை பெஞ்சா வழுக்கும், மெல்லிசு செருப்பு போட்டு போனா ஒரு மணி நேரத்துல பாதம் கெஞ்ச ஆரம்பிச்சிடும்.

நிறைய டூர் ஓல்ட் டவுன் ஸ்கொயர் பக்கம் தான் ஆரம்பிக்கும். அங்க இருக்கிற வானியல் கடிகாரம் 1410ல செஞ்சது, இன்னும் ஓடுது. காலை 9ல இருந்து ராத்திரி 11 வரை மணிக்கு ஒரு தடவை மேல ஜன்னல் திறந்து அப்போஸ்தலர், அதாவது இயேசுவோட சீடர்கள் பொம்மைங்க வரிசையா வரும். எல்லாரும் போனைத் தூக்கிட்டு அதையே பாப்பாங்க, நீங்க கீழ ஓரமா நிக்கிற எலும்புக்கூட்டைப் பாருங்க, அது தான் மணிக்கயிற இழுக்கும். சட்டுனு முடிஞ்சிடும், இதுக்கா இவ்ளோ கூட்டம்னு தோணும், பிக்பாக்கெட்காரங்களுக்கு மட்டும் அந்த கூட்டம் ரொம்பப் புடிக்கும், பைய முன்னாடி போட்டுக்கோங்க. கடிகாரம் செஞ்சவர் கண்ண ஊர்ப் பெரியவங்க குருடாக்கிட்டாங்கன்னு ஒரு கதை கட்டாயம் வரும், கேக்க நல்லாருக்கும் ஆனா அது கட்டுக்கதை, அவங்க சொல்ற ஹனுஷ் இத செய்யவே இல்ல, செஞ்சது கடான் ஊர் மிக்குலாஷ்.

கடிகாரத்தை விட எனக்கு முக்கியமா படுறது பக்கத்துல தரையில பதிச்சிருக்கிற 27 சிலுவை. அப்போ அங்க ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்த எதிர்த்த 27 பேர 1621 ஜூன் 21 அன்னைக்கு அதே சதுக்கத்துல கொன்னாங்க. ஆளுங்க அது மேலயே மிதிச்சு நடந்துட்டு இருப்பாங்க, கைடு சொல்லலன்னா கண்ணுல படவே படாது. டூருக்கு காசு குடுக்கறது இந்த மாதிரி விஷயத்துக்கு தான், அதனால எப்பவும் கைடுக்கு பக்கத்துலயே நில்லுங்க, போட்டோவ அப்புறம் எடுத்துக்கலாம்.

யூதர் பகுதி யோசெஃபோவ்ல வெளிய நின்னு கேக்கறது பத்தாது. பழைய கல்லறைல இடம் இல்லாம அடுக்கடுக்கா, சில இடத்துல 12 அடுக்கு வரைக்கும் புதைச்சிருக்காங்க, பிங்காஸ் சினகாக்னு ஒரு யூதர் கோயில், அதோட சுவர் முழுக்க நாஜிகள் கொன்ன கிட்டத்தட்ட 78,000 யூதர்களோட பேர் எழுதியிருக்கு. மறுநாள் டிக்கெட் வாங்கி தனியா, அமைதியா போய் பாருங்க. மறுநாள் சனிக்கிழமையா இருந்தா மூடியிருக்கும்.

சார்லஸ் பாலம் ராஜா நாலாம் சார்லஸ் 1357ல ஆரம்பிச்சது, 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் 30 சிலை. பகல்ல டூரோட போனா சிலைய விட முதுகு தான் அதிகமா தெரியும், கதைய மட்டும் கேட்டுக்கிட்டு இன்னொரு நாள் விடியற நேரத்துல திரும்ப வாங்க. 1393ல ஆத்துல தூக்கிப் போட்ட நெபோமுக் பாதிரியார் சிலைக்கு கீழ ஒரு தகடு, தொட்டா அதிர்ஷ்டம்னு தேய்ச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்கி வச்சிருக்காங்க.

வென்செஸ்லாஸ் ஸ்கொயர் பல டூர்ல வராது, வரலன்னா நீங்களே போங்க. சோவியத் படை உள்ள வந்ததுக்கு அப்புறம் ஊரே அடங்கிப் போறதப் பொறுக்காம 1969 ஜனவரில யான் பாலாக்னு ஒரு 20 வயசு மாணவர் தீக்குளிச்சது அங்க தான், 1989ல ஜனங்க திரண்டு கம்யூனிஸ்ட் ஆட்சிய மாத்தினதும் அதே இடத்துல.

மேட்டு மேல இருக்கிற ப்ராக் கோட்டைக்கு தனி டூர் எடுக்கிறதா இருந்தா டிராம்ல மேல ஏத்திட்டு நடந்து கீழ இறக்குற டூரா பாத்து புக் பண்ணுங்க, முட்டி பொழைக்கும். செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் அங்க தான் இருக்கு, 1344ல ஆரம்பிச்சு 1929ல தான் முடிச்சாங்க. தனியா போறவங்களுக்கு 22ஆம் நம்பர் டிராம். ஏறினதும் பேப்பர் டிக்கெட்ட மஞ்சள் பெட்டில விட்டு முத்திரை குத்திடுங்க, குத்தாத டிக்கெட் கையில இருந்தாலும் ஃபைன் தான், செக்கிங் ஆளுங்க சாதா டிரெஸ்லயும் வருவாங்க.