சானாவில் மனம் ஆற வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சானா என்னும் வியர்க்கவைக்கும் சூட்டறையிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்ததும், உடம்பு ஆறத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் ஓர் அமைதி வரும். இறுகிக் கிடந்த தோள்கள் தளரும். காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும். அந்த அமைதியைத் தேடித்தான் மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பலர் இப்போது சானாவுக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் உள்ளே அவர்கள் செய்கிற சில காரியங்கள் அந்த அமைதியைக் கெடுக்கின்றன. சில நேரம் உயிருக்கே வினையாகின்றன.

முதல் தவறு, சானாவைப் பொறுமைச் சோதனையாக எடுத்துக்கொள்வது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கவில்லையே, நாம் எப்படி முதலில் எழுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே வரும்போது மனம் லேசாகியிருக்காது, தலைதான் சுற்றும். பின்லாந்து வகைச் சானாவில் காற்றின் வெப்பம் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் இதயம் நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேலும் துடிக்கலாம், வேகநடை போகும்போது துடிப்பதுபோல. சூடான கற்களில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவியைப் பின்லாந்துக்காரர்கள் 'லொய்லி' என்கிறார்கள். ஆவி எழுந்ததும் காற்றில் ஈரம் கூடி வியர்வை உலர்வது குறையும். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் திணறும். வெப்பமானி காட்டும் எண் ஏறியிருக்காது, தோல் மட்டும் எரியும்.

பின்லாந்தின் ஹெய்னோலா நகரில், யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டியே நடந்துவந்தது. 2010-ல் இறுதிச் சுற்றில் ஒரு போட்டியாளர் இறந்தார், இன்னொருவர் கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனை போனார். அத்தோடு போட்டி நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் அவர்கள் வெப்பத்துக்குப் பழகியவர்கள். புதிதாகப் போகிறவருக்கு 5 நிமிடம் தாராளம். பழகியவருக்கும் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. தலை கிறுகிறுத்தால், குமட்டினால், நெஞ்சு படபடவென்று அடித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த தவறை நான் இதைவிடப் பெரியது என்றே சொல்வேன்: ஆறுவதற்கு நேரம் கொடுக்காதது. வெப்பம் உடம்பை உசுப்பிவிடுகிறது. அது தணியும்போதுதான் நாம் தேடி வந்த அமைதி வருகிறது. அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து அலுவலகச் செய்திகளைப் படிக்கத் தொடங்கினால் பாதிப் பலன் போச்சு. உள்ளே எவ்வளவு நேரம் இருந்தீர்களோ, வெளியேயும் குறைந்தது அவ்வளவு நேரம் சும்மா உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு தடவை சானாவில் இருந்தாலே சுமார் அரை லிட்டர் வியர்வை போய்விடும். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அதனால் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள். வெளியே வந்த சூட்டோடு பனிக்கட்டி நீரில் குதிப்பதும் புதியவர்களுக்கு வேண்டாம். திடீர்க் குளிர் மூச்சை அடைக்கும், இதயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு சுமை.

பீதித் தாக்குதல் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் வேகமாகத் துடிக்கும் இதயம், வியர்வை, கனக்கும் மூச்சு எல்லாமே பீதி வரும்போது உடம்பு காட்டும் அறிகுறிகள்தான். இதைத் தெரியாமல் உள்ளே போனால் மனம் அதைத் தாக்குதல் என்றே படிக்கும். போவதற்கு முன்பே 'இது சூட்டினால் வரும் துடிப்பு, வெளியே போனால் அடங்கும்' என்று மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சூடான காற்று மேலே ஏறுவதால், உட்காரும் படிகளில் கீழ்ப்படி மற்றதைவிடச் சூடு குறைவாக இருக்கும். கதவுக்குப் பக்கமாக அங்கே உட்காருங்கள். முதல் நாள் மூன்று நிமிடம் போதும். பாதியில் வெளியே வருவது தோல்வி இல்லை.

மிக ஆபத்தான தவறு, 'இனி மாத்திரை வேண்டாம், சானா போதும்' என்று முடிவெடுப்பது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ள சுமார் முப்பது பேரில் ஒரு பகுதியினரின் உடலின் உள்வெப்பத்தைக் கருவி மூலம் 38.5 டிகிரிக்கு ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு அதுபோலவே தோன்றும் போலிச் சிகிச்சை கொடுத்தார்கள். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஒரே ஒரு தடவைக்குப் பிறகு, ஆறு வாரம் வரை அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஆய்வு சிறியது, கண்காணிப்போடு நடந்தது, அவர்கள் பயன்படுத்தியது உடற்பயிற்சிக் கூடத்துச் சானாவும் அல்ல. கிழக்குப் பின்லாந்தில் 42 முதல் 60 வயது வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வாரத்துக்கு 4 முதல் 7 தடவை சானா போனவர்களுக்கு இதய நோய் மரணமும் மறதி நோயும் குறைவாக இருந்தன. அதைச் சானாதான் செய்தது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. உடல்நிலை நன்றாக இருப்பவர்தானே அடிக்கடி சானா போக முடியும்?

சானா துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல. மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம், நிறுத்தியதாலேயே வேறு தொல்லைகளும் வரலாம். உயிரை விடும் எண்ணம் வருகிறது என்றால் அன்று போக வேண்டிய இடம் மருத்துவரிடம்.

மருந்து எடுத்துக்கொண்டே சானா போகிறவர்கள் செய்யும் தவறு வேறு: மருத்துவரிடம் கேட்காமல் போவது. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். வியர்வையில் நீரும் உப்பும் போகும்போது சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அதன் அளவு நச்சு நிலைக்கு ஏறலாம். கை நடுக்கம், வாந்தி, நாக்குக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகளும் உடம்பு வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டுவிட்டு உள்ளே போனால் அங்கேயே கண்ணயர்ந்துவிடக் கூடும். தோலில் ஒட்டும் வலிநிவாரணப் பட்டையிலிருந்து சூட்டில் மருந்து அதிகமாக உடம்புக்குள் இறங்கும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், சிறு வேலைக்கே நெஞ்சு வலிப்பவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலில் இருப்பவர்கள் சானாவைத் தவிர்க்க வேண்டும்.

மது குடித்துவிட்டுப் போகாதீர்கள். சானா மரணங்களில் மது திரும்பத் திரும்ப வருகிறது.

வியர்வையில் 'நச்சு' வெளியேறும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. எடைக்கும் அப்படியே: குறைவது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். உணவுக் கோளாறோடு போராடுகிறவர்கள் எடை இயந்திரத்துக்குப் பயந்து சானாவுக்குள் போவதுண்டு. உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால் உங்கள் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சானா இல்லாவிட்டால் ஒன்றும் முடியாது என்று நினைப்பதும் தவறுதான். வெந்நீரில் கழுத்தளவு மூழ்கியிருந்தாலும் உடலின் உள்வெப்பம் ஏறும். நீருக்குள் வியர்வை உலராதே! தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 40 முதல் 42 டிகிரி வரை, பத்து நிமிடம், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. குளித்த கையோடு படுக்கக் கூடாது. உள்வெப்பம் இறங்கும்போதுதான் தூக்கம் வரும், அதற்கு உடம்புக்கு நேரம் வேண்டும். நீரின் சூட்டைக் கையால் ஊகிக்காமல் வெப்பமானியால் பாருங்கள். தொட்டியை விட்டு எழும்போது, சானாவில் செய்ததுபோலவே, விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள்.